பத்துக்கு மூணு

சுமா: …அப்டி இல்ல கண்ணு, நெகத்தால கிள்ளக்கூடாது. கட்ட வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சி ஒரே அமுக்கு. பருப்பு தானா துள்ளிகினு வெளிய வரும்.

இந்து: வந்துருச்சு! ஐயோ… எங்க போச்சு அண்ணி?

ரவிகுமார்: டிவி ஸ்டாண்டுக்கு அடியில. வுடு இந்து, மொதோ பருப்பு எலிக்கு.

இந்து: இந்தக் குண்டான் முழுக்க நாம பிதுக்கணுமா?

சுமா: பின்ன? நேத்து மத்தியானம் நீ போன் பண்ணி 'நாளைக்கு வரேன்'னு சொன்னியோ இல்லியோ, ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடிப்போயி அவரக்கொட்ட வாங்கியாந்து ஊறப்போட்டேன். கறி வாணாம்ன்ற, முட்ட வாணாம்ன்ற, டீயில பாலு கூட வாணாம்ன்ற. வேற இன்னாத்த ஆக்கிப்போட? பிதுக்குப் பருப்பு கொழம்பும் களியும்தான்.

ரவிகுமார்: மூணு பேரு ஒக்காந்தா கால் ஷிப்ட்டு. முடிஞ்சிடும்.

இந்து: கால் ஷிப்ட்டுன்னா என்னண்ணா?

ரவிகுமார்: ரெண்டு மணி நேரம்.

இந்து: அத ரெண்டு மணி நேரம்னே சொல்லலாமே.

சுமா: நல்லா கேளு! இந்தத் தங்கவயல் மைன்ஸ் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சி. இவரு ஒருநாளு கூட கீழ எறங்கினது கெடயாது, எறங்கினதெல்லாம் எங்க மாமனாரு. ஆனா இவருக்குத் தூங்கறது ஒரு ஷிப்ட்டு, ரயில்ல பெங்களூர் போய்வர்றது அரை ஷிப்ட்டு, எங்கூட சண்ட போடறது கால் ஷிப்ட்டு…

ரவிகுமார்: சண்டைக்கு ஓவர்டைமும் உண்டு.

இந்து: என்ன ஊருண்ணா இது!

ரவிகுமார்: 'என்ன'ன்னு நீட்டாத. இங்க இன்னாதான்.

இந்து: சேலத்துக்காரி வாயில அது வராதுண்ணா. ஒரு வருஷமா போன்ல கேட்டும் வரல, இனிமேயா வரப்போகுது?

சுமா: ஒரு வருஷமா இவ கொரல ஸ்பீக்கர்ல கேட்டு நான் ஒரு அம்பது வயசு டீச்சர நெனச்சிகினு இருந்தேன். காலையில கதவத் தொறந்தா இம்மாத்துண்டு பொண்ணு நிக்குது. வயசு இன்னா கண்ணு?

இந்து: இருபத்தேழு அண்ணி.

சுமா: இவருக்கு நாப்பத்தஞ்சு. செவ்வாக்கிழம எட்டரை ஆனா போதும், 'மெண்டார் லைன்ல வந்துட்டாங்க, டிவிய கொற, டிவிய கொற'ன்னு ஒரே அலம்பல்.

இந்து: மெண்டார்னா பெரிய ஆளெல்லாம் இல்ல அண்ணி. இவர மாதிரி ஊர் ஊருக்குக் குரூப் நடத்துறவங்க இருக்காங்க இல்ல, அவங்க தனியா மாட்டிக்கிட்டு முழிக்காம இருக்க ஒரு பேச்சுத் துணை. நானும் பெங்களூர்ல ரெண்டு வருஷம் குரூப் நடத்தினேன். இப்ப நாலு ஊர் குரூப்புக்கு நான் துணை. எல்லாம் ஆபீஸ் முடிஞ்சு வந்து செய்றதுதான்.

சுமா: அந்தக் குரூப்பு பேரு இருக்குதே… எஃபெக்டிவ்… ஆல்… அது வாயில வரமாட்டேங்குது. இங்க மைன்ஸ் லைன் வீடுங்கள்ல எல்லாம் இவங்களுக்குக் கணக்குக் கோஷ்டின்னு பேரு.

ரவிகுமார்: எங்க குரூப்புல இருக்கிற ஸ்டீவனோட மாமியாரு வெச்ச பேரு அது.

சுமா: தர்மம் பண்ணப் போவசொல்ல நோட்டும் பென்சிலும் எடுத்துகினு போனா வேற இன்னா பேரு வெப்பாங்க?

இந்து: நல்ல பேருதான் அண்ணி. கையில கொஞ்சம் நேரம் இருக்கு, கொஞ்சம் காசு இருக்கு. அத எங்க போட்டா ரொம்பப் பேருக்கு மெய்யா நல்லது நடக்கும்னு கணக்குப் பார்த்துச் செய்யணும். அவ்வளவுதான் எங்க வேதமே.

சுமா: அத்த எனக்கு முனிசாமி தாத்தா வீட்டுலதான் புரிஞ்சிது. இங்கயே பாலகாட்டு லைன்ல இருக்கிறாரு. டிசம்பர் வந்தா கோயில் சங்கத்துல ஒரு கம்பளி, சர்ச்சுல ஒரு கம்பளி, கட்சிக்காரங்க ஒரு கம்பளி. ஒம்போது சேர்ந்துடுச்சி கண்ணு! ஒம்போதையும் அடுக்கி மேல ஏறிப் படுத்துகினு இருக்கிறாரு ராஜா மாதிரி. ஆனா பென்ஷன் பேப்பர படிக்கறதுக்குக் கண்ணாடி இல்ல. இவங்க போயி பத்தாவது கம்பளி குடுக்க இருந்தாங்க.

ரவிகுமார்: இந்துதான் கேட்டுச்சி, 'அவருக்கு என்ன வேணும்னு அவரயே கேட்டீங்களா'ன்னு. எங்க அஞ்சு பேருக்கும் அது தோணவே இல்ல.

இந்து: நான் கேட்டது போன்ல. வீடு வீடா நடந்து கேட்டது நீங்க.

சுமா: நடந்து கேட்டு இன்னா பிரயோஜனம்? நாப்பது கண்ணாடி வாங்கினாரு, நாப்பதும் ஒரே பவரு!

ரவிகுமார்: அது எதுக்கு இப்ப…

சுமா: வேலம்மாள் அத்த போட்டுகினு தெருவுல நடந்து, படிக்கட்டு ரெண்டா தெரிஞ்சி, குப்புற விழுந்துட்டு, நேரா நம்ம வாசல்ல வந்து நின்னு பாட்டு பாடினாங்களே. லைனே கூடிடுச்சி.

ரவிகுமார்: அன்னிக்கே குரூப்பு கடைய மூடிடலாம்னு இருந்தேன். இந்து ஒரு மணி நேரம் லைன்லயே இருந்துச்சி. 'திட்டினவங்க வீட்டுக்கு மொதல்ல போங்க, அவங்கதான் நெஜத்த சொல்வாங்க'ன்னு சொல்லிச்சி. போனேன். இப்ப கண்ணாடிக்குக் கண்ணு செக் பண்ற அன்னிக்கு வேலம்மாள்தான் வரிசைய நிக்கவெக்கறாங்க.

இந்து: அன்னைக்குப் போன்ல அழுதீங்கண்ணா.

ரவிகுமார்: நானா? ரயிலு தூசி கண்ணுல பட்டிருக்கும்.

இந்து: வீட்டுல இருந்துதான் பேசினீங்க.

சுமா: வெங்காயம் கூட அன்னிக்கு நான் அரியல!

ரவிகுமார்: ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களா… பிதுக்குங்க, பிதுக்குங்க.

இந்து: மொத மீட்டிங் ஞாபகம் இருக்காண்ணா?

ரவிகுமார்: மறப்பேனா? எங்க மீட்டிங்கு ரயில்லதான சுமா. ஊர்காம் ஸ்டேஷன்ல ஏறினா பெங்களூர் வரைக்கும் ரெண்டு மணி நேரம் சும்மாதான ஒக்காந்து போறோம். மூணாவது பொட்டியில மீட்டிங்குன்னு பதினஞ்சு பேருக்குச் சொல்லி வெச்சேன். ஒருத்தரும் வரல. நோட்ட மடியில வெச்சிகினு பேயாட்டம் ஒக்காந்திருந்தேன். இந்துக்குப் போன் பண்ணி, ஆளே இல்லன்னேன். இந்து இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு, ரெண்டு பேர் இருக்கோம். ஆரம்பிங்க'ன்னு.

சுமா: மெய்யாலுமா?

ரவிகுமார்: ரெண்டு பேரும் மீட்டிங் போட்டோம். நான் பேச, அது கேக்க. எதிர் சீட்டுல இருந்த அமலா எல்லாத்தையும் கேட்டுகினே வந்து, வொயிட்ஃபீல்டுல எறங்கச்சொல்ல, 'நாளைக்கும் இதே பொட்டிதானா?'ன்னு கேட்டாங்க. அப்டி வந்தவங்கதான். இப்ப அஞ்சு பேரு. ஸ்டீவன் தூங்கறத கழிச்சா நாலரை.

சுமா: அவ்ளோ பேசறீங்களே, நான் கேக்கச் சொன்னது மட்டும் ஒண்ணே ஒண்ணு. 'பொண்ணு தனியா ரூம் எடுத்துகினு இருக்குது, மொதல்ல சாப்டுச்சான்னு கேளு, அப்புறம் ஒங்க கணக்க பேசு'ன்னு.

ரவிகுமார்: ஒரு வாரமும் வுட்டதில்ல. 'இந்து, இன்னா சாப்ட்ட?' அதுக்கப்புறம்தான் மீட்டிங்கு.

சுமா: ஆனா ஒண்ணு கண்ணு, ஆரம்பத்துல அஞ்சு வாரம் கேட்டா அஞ்சு வாரமும் சப்பாத்தி சப்பாத்தின்னே சொன்ன. இன்னாடா இது, சப்பாத்தி மெஷினான்னு நான் கேட்டேன் இவர.

இந்து: …பிடிக்கும் அண்ணி.

ரவிகுமார்: அப்புறம் மாறிடுச்சி. தக்காளி சாதம், கொத்தவரங்கா பொரியலு, போன வாரம் எலுமிச்ச சாதம், கூட உருளக்கெழங்கு.

சுமா: பாரேன், நான் நேத்து ஆக்கிப்போட்டது இவருக்கு ஞாபகம் இருக்காது.

ரவிகுமார்: சரி சரி. இந்து, இன்னா திடீர்னு? ஒரு வருஷமா கூப்டறோம், வேல வேலன்னு சொன்ன. இன்னிக்கு மொத ரயிலு புடிச்சி வந்திருக்குற. வரவேணாம்னு சொல்லல…

இந்து: ஒரு விஷயம் கேக்கணும்ணா. உங்களத் தவிர வேற யாரையும் கேக்க முடியாது.

ரவிகுமார்: கேளு.

இந்து: வருஷத்துக்கு ஒருதடவ குரூப் நடத்துறவங்களுக்கு ஒரு ஃபார்ம் வரும் இல்ல? உங்க மெண்டாருக்குப் பத்துக்கு எத்தனைன்னு?

ரவிகுமார்: …ம்.

இந்து: எனக்கு நாலு மார்க் வந்திருக்கு. நாலு குரூப், நாலு மார்க். பேர் இருக்காது. மாசக் கடைசியிலதான் யார் என்னன்னு சொல்லுவாங்க. ஒருத்தர் பத்து. ஒருத்தர் ஒம்போது. இன்னொருத்தரும் ஒம்போது. கடைசி ஆள்… மூணு.

சுமா: பத்துக்கு மூணா?

இந்து: பத்துக்கு மூணு.

சுமா: அடப்பாவி! எவன் அவன்? ஏழாங்கிளாசுல கணக்குப் பரீட்சைக்கு நான் வாங்கின மார்க்கு அது. இன்னாங்க, கேட்டீங்களா?

ரவிகுமார்: கேட்டேன்… கேட்டேன்.

இந்து: வியாழக்கிழமை ஆபீஸ்ல இருக்கும்போது வந்துச்சு. பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன். ஒரு வருஷமா எதத் தப்பா செஞ்சேன்னு ஒவ்வொரு போனா யோசிச்சுப் பார்த்தேன். அன்னைக்கே எழுதிட்டேன்ணா, விலகிக்கிறேன்னு ஒரு லெட்டர். நாலு குரூப்பையும் விட்டுடறேன்னு. போன்லதான் இருக்கு. சாயங்காலம் ரயில் ஏறினதும் அனுப்பிடலாம்னு இருக்கேன்.

ரவிகுமார்: விலகறதா? ஒரு மூணுக்காகவா? ஒம்போது, பத்துன்னு போட்டவங்கள பார்க்கக் கூடாதா?

இந்து: நாலுல ஒருத்தருக்கு நான் பாரமா இருந்திருக்கேன். அது சின்னக் கணக்கா?

ரவிகுமார்: பாரம்னு யாரு சொன்னது…

இந்து: மூணுன்னா வேற என்ன அர்த்தம்? நாலுக்குக் கீழ போட்டா ஜோடியப் பிரிச்சிடுவாங்கன்னு ஃபார்ம்லயே எழுதியிருக்கு. தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு துமகூரு சுனிதாவா இருக்கும்.

ரவிகுமார்: சே சே, அவங்க போடமாட்டாங்க.

இந்து: உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்கள நீங்க பார்த்ததே இல்லையே.

ரவிகுமார்: இல்ல… பேரக் கேட்டா… நல்ல மாதிரி தெரியுது.

சுமா: பேருல இன்னாங்க தெரியும்?

இந்து: எல்லா வேலையையும் ஒரே ஆளா இழுத்துப் போட்டுக்காதீங்கன்னு சுனிதாகிட்ட கொஞ்சம் கறாரா சொன்னேன். அந்தக் கோவமா இருக்கலாம். இல்லன்னா ஹூப்ளி பவ்யா.

ரவிகுமார்: பவ்யாவும் இருக்காது.

இந்து: ஆமா, அது இருக்காது. என் பொறந்த நாளுக்குக் கேக் அனுப்பின பொண்ணு. அப்ப மிச்சம் மைசூரு வினய்.

ரவிகுமார்: யாரு, அந்தக் காலேஜ் குரூப்பா? நூத்திருவது பேரு இருக்கிறதா சொன்னியே…

இந்து: அதேதான். 'மேடம், எங்களுக்கு மட்டும் உங்ககிட்ட நேரமே இல்ல'ன்னு ஒவ்வொரு தடவையும் குத்திக்காட்டுவான். அவனேதான்ணா. இப்பத் தோணுது.

ரவிகுமார்: அவன் இல்ல இந்து.

சுமா: ஏங்க… ஏங்க! பருப்ப தோலு முறத்துல போடறீங்க, தோல கிண்ணத்துல போடறீங்க. கண்ணு எங்க இருக்குது?

ரவிகுமார்: ஆங்? ஓ… கை மாறிடுச்சி.

சுமா: வேர்க்குது வேற. ஜனவரி மாசம் உள்ள ஒக்காந்துகினு யாருக்காச்சும் வேர்க்குமா? …இன்னாங்க, என்ன பாருங்க.

ரவிகுமார்: இன்னா பார்க்கணும்? ஃபேன போடு.

சுமா: ஃபேன போட்டா தோலு பறக்கும். என்ன பாருங்கன்னேன்.

இந்து: நான் வினய்க்கே போன் பண்ணிக் கேட்டுடறேன் அண்ணி. மனசுல வெச்சுக்கிட்டே இருக்க என்னால முடியல. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு எனக்கு மூணு போட்டன்னு நேராக் கேட்டுடறேன்.

ரவிகுமார்: இப்பவா? ஞாயித்துக்கிழம… தூங்கிகினு இருப்பான்.

இந்து: பதினோரு மணிக்கா? …ரிங் போகுது.

ரவிகுமார்: இந்து, வாணாம்.

இந்து: ஏன்?

ரவிகுமார்: கட் பண்ணு. சொன்னா கேளு, அந்தப் பையனக் கேக்காத. ஒண்ணும் தெரியாதவன்.

இந்து: அப்ப யாருக்குத் தெரியும்?

ரவிகுமார்: …நான்தான்.

சுமா: நெனச்சேன்!

ரவிகுமார்: அந்த மூணு நான்தான் போட்டேன் இந்து. கட் பண்ணும்மா மொதல்ல.

சுமா: அடக் கடவுளே! மூணா? இந்தப் பொண்ணுக்கா? நாப்பது கண்ணாடி குடுத்துட்டு அழுதுகினு இருந்தவர தைரியம் சொல்லி எழுப்பி வுட்டுதே, அதுக்கா மூணு? வாய்க்கு வாய் இந்து இந்துன்றீங்களே, அது சும்மனேவா?

ரவிகுமார்: சொல்ல வுடு சுமா…

சுமா: இன்னாத்த சொல்லப்போறீங்க? அந்தப் பருப்ப கீழ வைங்க. அத்த தொடக்கூட ஒங்களுக்கு யோக்கியத இல்ல.

இந்து: சொல்லட்டும் அண்ணி.

ரவிகுமார்: மொதல்ல பத்துதான் போட்டேன். சத்தியமா. காலையில ரயில்ல, தியாக்கல் ஸ்டேஷன்ல பத்து. அப்ப நீ போன வாரம் சொன்னது ஞாபகம் வந்திடுச்சி. மைசூருல நூத்திருவது புள்ளைங்க, அவங்களுக்கு ஒதுக்க நேரமே பத்தலன்னு சொன்ன இல்ல? இங்க நாங்க அஞ்சு பேரு. அதுலயும் ஒருத்தன் தூங்கறான். மாலூர் வர்றதுக்குள்ள ஏழு ஆக்கினேன். ஏழு போட்டா பிரிக்க மாட்டாங்க. வொயிட்ஃபீல்டு வந்துடுச்சி, எறங்கணும், ஸ்டீவன் தோள்ல தட்டறான்… மூணு போட்டு அனுப்பிட்டேன்.

இந்து: ஏன்ணா?

ரவிகுமார்: நீ சொல்லிக்குடுத்ததுதான? இருக்கிற நேரத்த எங்க போட்டா நெறைய பேருக்கு நல்லதுன்னு பாருங்கன்னு? பார்த்தேன். எங்கப்பா சொல்வாரு… கீழ சுரங்கத்துல அஞ்சு பேரு வேல செய்யிற எடத்துல நல்ல மேஸ்திரிய நிறுத்திட்டு, நூறு பேரு இருக்கிற எடத்த ஆளில்லாம வுட்டா அது பாவம்னு. நீ நல்ல மேஸ்திரி. எனக்குப் புடிச்சிருக்குதுன்னு ஒன்ன நானே வெச்சிகினு இருந்தா அது திருட்டு மாதிரி இருந்திச்சி.

சுமா: அதுக்கு மூணா? போன் பண்ணி, 'கண்ணு, நீ மைசூரப் பாரு'ன்னு சொல்லியிருக்கலாமே!

ரவிகுமார்: சொன்னா போவுமா அது? 'உங்களயும் பார்க்கிறேன், அவங்களயும் பார்க்கிறேன்'னு ராத்திரி தூக்கத்த வுட்டுட்டு ரெண்டையும் இழுக்கும். எங்க கம்பெனில ஒரு ஆள வேற லைனுக்கு மாத்தணும்னா, 'இங்க சரிப்படல'ன்னு கொஞ்சம் கொறச்சி எழுதுவாங்க. மறுநாளு மாத்திடுவாங்க. அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவாது. இதுவும் அப்டின்னு நெனச்சேன். அது ஒனக்கு வர்ற மார்க்குன்னு, நீ அத்த பார்த்து பாத்ரூம்ல போயி நிப்பன்னு… சத்தியமா தெரியாது இந்து. நீ குடுத்தது பத்துக்குள்ள அடங்காதும்மா. அந்த லெட்டர அனுப்பாத. என்ன இன்னா வேணா திட்டு. லெட்டர மட்டும் அனுப்பாத.

இந்து: லெட்டர் இல்லண்ணா.

ரவிகுமார்: இன்னா?

இந்து: எழுதினது நெஜம். நேத்து மத்தியானம் அழிச்சிட்டேன்.

சுமா: நேத்தா? அப்ப வினய்…

இந்து: போனப் பாருங்க அண்ணி. யாருக்கும் பண்ணல. சும்மா காதுல வெச்சுக்கிட்டு இருந்தேன்.

ரவிகுமார்: ஒனக்குத் தெரியுமா? எப்டி? பேருதான் வராதுன்னியே!

இந்து: வியாழக்கிழமை வெறும் நம்பர்தான் வந்துச்சு. காரணம் நேத்து மத்தியானம் வந்துச்சு. பஸ்ல படிச்சேன். இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி. 'மாசத்துக்கு அரை ஷிப்ட்டு எங்க மேல வீணாவுது, அத்த மைசூருக்குக் குடுங்க.'

சுமா: அரை ஷிப்ட்டா! ஐயே… அதுக்குப் பதிலா கையெழுத்தே போட்டிருக்கலாமே!

ரவிகுமார்: வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாசத்துக்கு நாலு… அரை ஷிப்ட்டுதான? கணக்கு சரிதான.

இந்து: நாலு மணி நேரம்னு எழுதற ஊர்ல நீங்க பொறக்கலையே. போன்ல ஒரு வருஷமா கேக்கற ஷிப்ட்டுதான், அப்பத் தெரியாத மாதிரி கேட்டேன். படிச்சிட்டு பஸ்லயே சத்தமா சிரிச்சேன். அப்புறம் அழுதேன். பக்கத்துல இருந்த அம்மா பயந்து போய்த் தண்ணி பாட்டில நீட்டினாங்க. எறங்கின உடனே உங்களுக்குத்தான் போன் பண்ணினேன், நாளைக்கு வரேன்னு.

சுமா: அப்ப இம்மா நேரம் இவர வறுத்து எடுத்தியே, அது?

இந்து: ரெண்டு நாள் நான் சோறு தண்ணி இல்லாம கெடந்தேன் அண்ணி. அண்ணனுக்கு ஒரு மணி நேரமாவது வேர்க்க வேணாமா?

சுமா: வேணும், வேணும். இன்னும் கொஞ்சம் வுட்டிருக்கலாம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

ரவிகுமார்: சிரிங்க… நல்லா சிரிங்க. இந்து, நான் அவங்களுக்கே எழுதறேன். தெரியாம போட்டுட்டேன், பத்துக்குப் பத்துன்னு மாத்திக்குங்கன்னு.

இந்து: ஃபார்ம் மூடியாச்சுண்ணா. மாசக் கடைசியோட நம்ம ஜோடி முடிஞ்சது. செவ்வாக்கிழமை அந்த ஒரு மணி நேரம் இனிமே மைசூருக்கு.

ரவிகுமார்: …முடிஞ்சிதா?

இந்து: நீங்க கேட்டதுதானே? நீங்க போட்ட கணக்கு சரிதாண்ணா. அங்க அந்தப் பசங்க ஆள் இல்லாம தவிக்கிறாங்க.

ரவிகுமார்: சரிதான்… கணக்கு சரிதான். மூணு போட்டதுலருந்து எனக்கும் தூக்கமில்ல. இனிமே அந்த அஞ்சு பேர வெச்சிகினு நான் ஒண்டியா இன்னா பண்ணப்போறேன்னு இருக்குது.

இந்து: ஆறு மாசமா ஒண்டியாத்தான் பண்றீங்க.

ரவிகுமார்: இன்னா சொல்ற?

இந்து: மொதல்ல எல்லாம் 'இந்து, இத்த செய்யலாமா, அத்த செய்யலாமா'ன்னு கேப்பீங்க. ஆறு மாசமா கேக்கறதே இல்ல. 'இப்டி செஞ்சோம், இது தப்பாச்சு, இப்டி மாத்திட்டோம்'னு சொல்றீங்க. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு நான் தேவையே இல்லண்ணா. அது எனக்கு எப்பவோ தெரியும்.

ரவிகுமார்: அப்ப நீயே சொல்லியிருக்கலாமே! நானாவது மூணு போடாம இருந்திருப்பேன்.

இந்து: சொல்லல. எங்களுக்கும் ஒரு ஃபார்ம் வரும், மூணு மாசத்துக்கு ஒண்ணு. 'கோலார் தங்கவயல் ரவிகுமாருக்கு இன்னும் துணை வேணும்'னு ரெண்டு தடவ எழுதி அனுப்பினேன்.

ரவிகுமார்: பொய்யா? நீயா?

இந்து: நான்தான். மைசூருக்குக் குடுக்க வேண்டியத நான்தான் புடிச்சு வெச்சுக்கிட்டேன். திருட்டுன்னு சொன்னீங்களே, அது நீங்க இல்லண்ணா.

சுமா: எதுக்குக் கண்ணு? இவருகிட்ட அப்டி இன்னா இருக்குது? கை நின்னுடுச்சி பாரு. சொல்லும்மா. இங்க யாரு இருக்கிறாங்க, நாங்கதான.

இந்து: அந்த அஞ்சு வாரம் சப்பாத்தி இல்ல அண்ணி.

சுமா: தெரியும். அஞ்சு வாரம் யாரும் சப்பாத்தி திங்க மாட்டாங்க.

இந்து: பிஸ்கட். கூட இருந்த பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா. ஒரு ஆளுக்காக யார் சமைப்பான்னு விட்டுட்டேன். நீங்க சப்பாத்தி மெஷினான்னு கேட்டதா அண்ணன் போன்ல சொன்னார். ஆறாவது வாரம் பொய் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தக்காளி சாதம் செஞ்சேன்.

ரவிகுமார்: அடிப்பிடிச்சிடுச்சின்னு சொன்ன.

இந்து: ஆமா. அடிப்பிடிச்சத அன்னைக்கு முழுசா சாப்பிட்டேன்.

ரவிகுமார்: இந்து… நான் நீ குடுக்கறத மட்டும்தான் கணக்குல எழுதினேன்.

சுமா: ரெண்டு பேரும் நல்லாத்தான் கணக்குப் போட்டீங்க! இந்தா, மூக்க தொட. ஏங்க, ஒங்களுக்கும்தான்… இது ரயிலு தூசியா?

ரவிகுமார்: பருப்புத் தோலு பட்டுடுச்சி… அப்ப செவ்வாக்கிழம எட்டரைக்கு, இனிமே ஒன்ன தொந்தரவு பண்ணக்கூடாதா? மைசூரு நேரம் இல்ல அது?

இந்து: மைசூர ஏழரைக்கு வரச் சொல்லிட்டேன், எட்டரைக்குள்ள முடிச்சிடுவேன். அதுக்கப்புறம் ஃபார்ம் இல்ல, மார்க் இல்ல. குரூப்பப் பத்தி ஒரு வார்த்த பேச வேணாம். போன் பண்ணி, 'இன்னா சாப்ட்ட'ன்னு மட்டும் கேளுங்கண்ணா. இப்பவும் வாரத்துல நான் அடுப்பு பத்த வைக்கிறது அந்த ஒரு நாள்தான்.